அல்லிக்குளத்தில் அல்லி இல்லை

சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்துல, ரிப்பன் மாளிகையை ஒட்டி அல்லிக்குளம்னு ஒரு இடம். போய்ப் பார்த்தீங்கன்னா கடைகள் இருக்கும், குளம் மட்டும் இருக்காது. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தபிறகு அங்கிருந்த வியாபாரிகளைக் கொண்டுவந்து உட்கார வைத்த வளாகம் அது. அதற்கு முன்னாடி கதை இன்னும் பழசு. 1859-60-ல் மதராஸ் கவர்னராக இருந்த சார்லஸ் ட்ரெவெல்யன் காலத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா போட்டார்கள். உள்ளே நிறைய குளங்கள். அதில் ஒன்றுதான் அல்லி பூத்த குளம். அப்புறம் விக்டோரியா ஹால் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, ரிப்பன் மாளிகை வந்தது, ஸ்டேடியம் வந்தது. பூங்காவும் போச்சு, குளமும் போச்சு. பேர் மட்டும் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.

இப்போ ஏன் திடீர்னு அல்லின்னு கேப்பீங்க. எங்க ஊர் செங்கல்பட்டு பக்கம். ஏரி மாவட்டம்னு பேர் வாங்கின ஊர். வீட்டுக்குப் பின்னாடி, துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு சிமெண்ட் தொட்டி சும்மா கிடந்தது. அதில் நம்ம ஊர் அல்லி வளர்க்கணும்னு ஆசை. கோடு எழுதி எழுதிக் கண்ணு பூத்துப் போனவனுக்குப் பூக்கிற வேறு எதையாவது பார்க்கணும் இல்லையா :-) ஈ.சி.ஆர். பக்கம் ஒரு நர்சரியில் "நாட்டு அல்லி சார், சுத்தமான நாட்டு அல்லி" என்று ஒன்றைக் காட்டினார்கள். அடர் ஊதா. இதழை எண்ணிப் பார்த்தேன், முப்பதைத் தாண்டிப் போச்சு. நம்ம ஏரியில் பூக்கிறது அப்படி இருக்காதே! வாங்காமல் வந்துட்டேன். வந்து தேடிப் படிக்க ஆரம்பிச்சதில் கிடைத்ததுதான் கீழே வருவது.

முதலில் ஒரு குழப்பத்தை முடிச்சுடுவோம். தாமரையும் அல்லியும் சொந்தக்காரர்கள் இல்லை. தாமரை இலை தண்ணிக்கு மேலே குடை மாதிரி எழும்பி நிற்கும், வட்டத்தில் வெட்டு இருக்காது. அல்லி இலை தண்ணியோடு ஒட்டிப் படுத்திருக்கும், காம்பு வரைக்கும் ஒரு வெட்டு ஓடும். மரபணுவை வைத்துப் பார்த்தால் தாமரைக்கு அல்லியை விட ஐரோப்பியத் தெருவோரங்களில் நிற்கிற பிளேன் மரம்தான் நெருங்கிய உறவாம். நம்பக் கஷ்டமா இருக்கும், ஆனால் அப்படித்தான்.

நம்ம ஊர் நீர்நிலைகளில் இயல்பாக வளர்கிற அல்லியில் முக்கியமானவை இரண்டு. ஒன்று சாயங்காலம் விரிந்து மறுநாள் காலையில் கூம்பும். வெள்ளை, சிலசமயம் இளஞ்சிவப்பு. இலை ஓரம் ரம்பம் மாதிரி, அடிப்பக்கம் மெல்லிய ரோமம். நிலாவைப் பார்த்து ஆம்பல் மலரும் என்று புலவர்கள் சொன்னது சும்மா இல்லை, இதைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கணும். இன்னொன்று காலையில் விரிந்து மத்தியானத்துக்கு மேல் கூம்பும். வெளிர் நீலம் அல்லது வெள்ளை. இதழ் பத்து, பதினைந்துதான். இலை ஓரம் கிட்டத்தட்ட வழவழப்பு. இதற்கு 1768-ல் பர்மன் என்பவர் வைத்த அறிவியல் பெயர் நிம்பையா நௌச்சாலி. நாம் நீலாம்பல், நீல அல்லி என்று சொல்வது.

நம்ம ஆட்கள் இதை எவ்வளவு கவனிச்சிருக்காங்கன்னு பார்த்தால் ஆச்சரியமா இருக்கு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் பூக்களை அடுக்கும்போது ஆம்பல் தனி, குவளை தனி, நெய்தல் தனி, தாமரை தனி. நமக்கு இன்னிக்கு எல்லாமே 'ஏதோ தண்ணிப் பூ'. பரிபாடலில் காலத்தை அளக்கிற மாபெரும் எண்களுக்கே நெய்தல், குவளை, ஆம்பல், கமலம் என்று பெயர். எண்ண முடியாத அளவு என்றால் பூ நிறைந்த குளம்தான் அவங்களுக்கு ஞாபகம் வந்திருக்கு. லாங் இன்டிஜருக்கு அல்லின்னு பேர் வைக்கிற மொழி வேற எங்கேயாவது இருக்கா சொல்லுங்க.

ஆனா எனக்கு மனசில் தங்கினது புறநானூறு 248. ஒக்கூர் மாசாத்தனார் எழுதியது. கணவனை இழந்த ஒரு பெண் சின்ன வெள்ளை ஆம்பலைப் பார்த்துப் பேசுகிறாள். இளவயதில் இதன் தழையை உடுத்தினோம். இப்போ அவன் போன பிறகு, வேளை தவறிச் சாப்பிடும்போது இதே ஆம்பல் அரிசியாக வந்து நிற்கிறது. அவ்வளவுதான் பாட்டு. அலங்காரப் பூவைப் பற்றி யாரும் இப்படிப் பேச மாட்டாங்க. உடுப்பும் உணவுமாக இருந்த செடி அது. அல்லி விதையை அரிசி போலச் சமைக்கிற வழக்கம் இலங்கையில் முழுசாகச் செத்துப் போகவில்லை. 'ஒலு' என்று சிங்களத்தில் சொல்கிற வெள்ளை அல்லியின் விதையை அங்கே இப்பவும் அரிசியாகச் சமைக்கிறார்கள். வங்காளத்தில் அல்லித் தண்டு சமையலுக்குப் போகிறது.

அப்புறம் 17-ஆம் நூற்றாண்டு. கொச்சியில் டச்சுக் கவர்னராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரையும் இன்னும் சில பண்டிதர்களையும் வைத்துக்கொண்டு மலையாளக் கரையின் செடிகளைப் பற்றி ஒரு பிரம்மாண்டமான புத்தகம் போட்டார். ஹோர்டஸ் மலபாரிக்கஸ், 12 தொகுதி, 1678-லிருந்து 1693 வரை. 1692-ல் வந்த 11-ஆம் தொகுதியில் நம்ம ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்காங்க: அம்பெல், சிட் அம்பெல், நெடெல் அம்பெல். அதாவது ஆம்பல், சிற்றாம்பல், நெய்தலாம்பல். ஆம்ஸ்டர்டாமில் அச்சான லத்தீன் புத்தகத்தில் சங்கப் பாட்டின் வார்த்தை! அதைப் படித்தபோது ராத்திரி ஒரு மணி. எழுப்பிச் சொல்ல ஆள் இல்லாததால் இங்கே சொல்றேன்.

இதுவரைக்கும் செடி குளத்தில் இருந்தது. தோட்டத்துக்குள்ளே, தொட்டிக்குள்ளே அல்லியைக் கொண்டுவந்து வளர்க்கிற மோகம் ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் பிடித்தது. ஆரம்பித்து வைத்தவர்களில் முக்கியமான ஆள் ஜோசப் பாக்ஸ்டன். இங்கிலாந்தில் சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில் டெவன்ஷயர் பிரபுவின் தோட்டக்காரர். அமேசான் பக்கத்து ராட்சத அல்லியைச் சூடான தண்ணீர்த் தொட்டியில் வைத்து 1849 நவம்பரில் பூக்க வைத்தார். அந்த இலையின் அடிப்பக்க நரம்பு அமைப்பைப் பார்த்துத்தான் கண்ணாடிக் கட்டடத்துக்கான யோசனை வந்தது என்பார்கள். 1851-ல் லண்டனில் கிறிஸ்டல் பேலஸ் கட்டியது இதே தோட்டக்காரர்தான். நமக்கு வேண்டிய விஷயம் அடுத்தது. 1850-களின் தொடக்கத்தில் அதே சாட்ஸ்வொர்த்தில், இந்தியாவிலிருந்து போன செவ்வல்லியை இன்னொரு வெள்ளை அல்லியோடு கலந்து ஒரு கலப்பினம் எடுத்தார்கள். பிரபு பெயரிலேயே 'டெவோனியென்சிஸ்'. நம்ம குளத்துச் சிவப்பு அப்படித்தான் சீமைத் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் வெப்பநாட்டு அல்லிக்கு அங்கே குளிர் ஆகாது, சூடான தொட்டி வேணும். பணக்கார விளையாட்டு. திறந்த குளத்தில் பனிக்காலத்தைத் தாங்குகிற ஐரோப்பிய அல்லியோ வெள்ளையை விட்டால் வேறு நிறம் பெரிசாகக் கிடையாது. அதை மாற்றினவர் லத்தூர்-மார்லியாக் என்ற பிரெஞ்சுக்காரர். 1875-ல் நர்சரி ஆரம்பித்தார். ஐரோப்பிய, அமெரிக்க அல்லிகளைக் கலந்து மஞ்சள், சிவப்பு, ரோஸ் என்று குளிர் தாங்கும் வகைகளைக் கொண்டுவந்து 1889 பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். ஈஃபில் டவர் திறந்த அதே கண்காட்சி. அங்கே அந்தப் பூக்களைப் பார்த்து மயங்கினவர்களில் ஓவியர் மோனே ஒருத்தர்.

மோனே 1893-ல் ஜிவெர்னியில் தன் வீட்டுக்கு எதிரே ஒரு நிலம் வாங்கி, பக்கத்து ஓடையிலிருந்து தண்ணி திருப்பிக் குளம் வெட்ட அனுமதி கேட்டார். ஊர்க்காரர்கள் எதிர்த்தாங்க. ஏதோ வெளிநாட்டுச் செடியாம், தண்ணியைக் கெடுத்துடும், அதைத்தான் மாடு குடிக்குது, அதிலேதான் துணி துவைக்கிறோம் என்று சண்டை. மோனேவுக்குச் சரியான கோபம். கடைசியில் அனுமதி கிடைத்தது, குளம் வந்தது, சுமார் 250 ஓவியமும் வந்தது. கலை வரலாற்றில் இதைச் சொல்கிறவர்கள் எல்லாம் அந்த ஊர்க்காரர்களைப் பட்டிக்காட்டான் என்கிற மாதிரியே சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணலை. செடி விஷயத்தில் அவங்க பயந்தது தப்பாகிப் போச்சு, ஆனா கேட்ட கேள்வி சரியான கேள்வி.

ஏன்னா, கிட்டத்தட்ட அதே பத்தாண்டில்தான், அதே மாதிரி 'அழகான தண்ணிப் பூ' என்று இன்னொரு செடி வங்காளத்துக்கு வந்து சேர்ந்தது. தென் அமெரிக்கச் செடி. ஊதாப் பூ, பச்சைப் பளபள இலை, காற்று நிரம்பிய தண்டு. பணக்கார வீட்டுத் தோட்டக் குளங்களுக்கு அலங்காரமாக வந்தது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். இங்கே யாரும் மாடு குடிக்குமே என்று கேட்கலை. கேட்க விடற நிலைமையில் ஊரும் இல்லை. நாம் வெங்காயத்தாமரை என்று சொல்கிற அந்தச் செடி கிழக்கு வங்காளத்தின் ஆறு, கால்வாய், பள்ளவயல் எல்லாவற்றையும் மூடிவிட்டது. படகு போக வழியில்லை. வெள்ளத்தோடு மிதந்து வந்து நெற்பயிர் மேலே ஏறி உட்கார்ந்தது. முதல் உலகப்போர் சமயத்தில் ஜெர்மன்காரன்தான் இதைக் கொண்டுவந்து விட்டான் என்று வதந்தி கிளம்பி, 'ஜெர்மன் பானா' என்றே பெயர் ஆகிப் போச்சு.

1921-ல் அரசாங்கம் ஒரு கமிட்டி போட்டது. தலைவர் யார் தெரியுமா? ஜகதீஷ் சந்திர போஸ். செடிக்கும் உணர்வு உண்டு என்று உலகத்துக்குச் சொன்ன மனுஷன், ஒரு செடியை எப்படி ஒழிப்பது என்று ஆராய உட்கார வேண்டி வந்தது. 1936-ல் இதற்கென்றே வங்காளத்தில் தனிச் சட்டம். 1937 தேர்தலில் இதை ஒழிப்போம் என்பது கட்சிகளின் வாக்குறுதிகளில் ஒன்று. இலங்கையில் அதற்கும் முன்னாடியே, 1909-ல் சட்டம் போட்டாச்சு. இவ்வளவுக்கும் பிறகும் கூவத்தில், அடையாற்றில், போரூர் பக்கம் போனால் யார் ஜெயிச்சாங்கன்னு நீங்களே பார்க்கலாம். 1980-களில் பெங்களூரில் இந்தச் செடியை மட்டும் தின்கிற கூன்வண்டை இறக்குமதி செய்து விட்டார்கள். ஹெப்பால் ஏரியில் நல்ல பலன் கிடைத்தது. எல்லா இடத்திலும் அந்த வேகம் கிடைக்கலை.

இதில் பெயர் விவகாரம் வேற இருக்கு. 'ஆகாயத்தாமரை' என்பது சித்த வைத்தியத்தில் வேறொரு செடி. முட்டைக்கோஸ் குட்டி மாதிரி மிதக்கிற, வெல்வெட் இலைச் செடி. இன்றைக்குச் செய்தித்தாளில் 'ஏரியில் ஆகாயத்தாமரை அகற்றும் பணி' என்று வந்தால் பெரும்பாலும் அது வெங்காயத்தாமரை. வேரியபிள் பேரை அப்படியே வெச்சுட்டு உள்ளே இருக்கிற மதிப்பை யாரோ மாற்றி எழுதின மாதிரி. பிழைச்செய்தி எதுவும் வராது, அதனால் யாருக்கும் தெரியவும் தெரியாது.

சரி, வெங்காயத்தாமரை ஏன் ஜெயித்தது, அல்லி ஏன் தோற்றது? அல்லி நம்ம ஏரியின் தாளத்துக்குப் பழகின செடி. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும், கிழங்கு முளைக்கும், இலை மேலே வரும், பூக்கும். சித்திரை, வைகாசியில் ஏரி காயும். கிழங்கு சேற்றுக்குள்ளே தூங்கும். அடுத்த மழைக்கு மறுபடி எழுந்திருக்கும். வெங்காயத்தாமரைக்கு இந்தக் காய்ச்சல்தான் எமன். தரை தட்டினால் காய்ந்து போகும். ஆனா ஊர் சாக்கடையை ஏரியில் திருப்பி விட்டோம் பாருங்க, அப்போ ஏரி வருஷம் முழுக்கக் காயாமல் நின்றது. அதுவும் உரத்தண்ணியாக நின்றது. இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிற செடிக்கு இதைவிட வேறென்ன வேணும்? மேலே அது பாய் விரிச்சுட்டா கீழேயிருந்து வருகிற அல்லி இலைக்கு வெளிச்சமே கிடைக்காது. வந்த செடியை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை, அதுக்குச் சோறு போட்டது நாம்தான்.

இன்னொரு கதை இலங்கையிலிருந்து, அது எனக்கு இதைவிடப் பயமாக இருக்கு. 1986-ல் இலங்கையின் தேசிய மலராக 'நில் மானெல்' அறிவிக்கப்பட்டது. மேலே சொன்ன அதே நிம்பையா நௌச்சாலி, வெளிர் நீலம். ஆனால் தோட்டத்துக்காக வந்த ஒரு அடர் ஊதா அல்லி குளங்களில் இறங்கிப் பரவி, பார்க்க எடுப்பாக இருந்ததால் அதையே மக்கள் நில் மானெல் என்று நம்ப ஆரம்பித்தார்கள். கோயிலுக்கு அதைக் கொண்டுபோனார்கள், படமாகப் போட்டார்கள். பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டியதோடு இன்னொன்றும் சொன்னார்கள்: வந்த ஊதா, உள்ளூர் அல்லியோடு கலக்கவும் செய்கிறது. வெங்காயத்தாமரை வந்தால் கண்ணுக்குத் தெரியும், ஊரே கத்தும். இது அப்படி இல்லை. குளம் நிறைய அல்லி பூத்திருக்கும், எல்லாருக்கும் சந்தோஷம், நம்ம அல்லி மட்டும் அதில் இருக்காது. ஈ.சி.ஆர். நர்சரியில் நான் பார்த்த "சுத்தமான நாட்டு அல்லி" இந்த வகையறாதான். வளர்க்கக் கூடாதுன்னு சொல்லலை. அழகாத்தான் இருக்கு. அதை நாட்டு அல்லின்னு விற்கிறதும், நாளைக்குத் தொட்டி நிறைந்ததும் மிச்சத்தை ஏரியில் கொண்டுபோய் விடறதும்தான் பிரச்சினை.

சரி, வளர்க்கிற விஷயத்துக்கு வருவோம். நம்ம சிமெண்ட் தொட்டி இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம், அது போதும். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் விழணும், இல்லேன்னா இலை மட்டும்தான். மண் களிமண்ணாக, ஏரி வண்டலாக இருக்கணும். தென்னைநார்த் தூள், மட்கு உரம் என்று மாடித்தோட்டக்காரர்கள் சொல்றதைக் கேட்டுப் போட்டீங்கன்னா எல்லாம் மிதக்கும், தண்ணி நாறும். அகலமான மண்சட்டியில் களிமண் நிரப்பி, கிழங்கின் முளைக்கிற தலை வெளியே தெரிகிற மாதிரி நட்டு, மேலே ஒரு விரல்கடை மணல் பரப்பிட்டு, சட்டியோடு தண்ணிக்குள் இறக்கணும். முதலில் நாலு விரல் தண்ணி, இலை வர வர ஏத்திக்கிட்டே போய் ஒரு அடிக்குள்ளே நிறுத்தலாம். ஒரு பூ மூணு நாலு நாள் திறந்து திறந்து மூடும்.

கிழங்குக்கு எங்கே போறது? ஏரி வற்றுகிற மாசத்தில் மாடு மேய்க்கிறவங்களைக் கேளுங்க, எந்த மூலையில் அல்லி பூக்கும், என்ன நிறம், எத்தனை மணிக்கு விரியும் என்று சொல்லிடுவாங்க. ஒன்று, இரண்டு எடுத்தால் போதும், மூட்டை கட்டாதீங்க. எடுப்பதற்கு முன்னால் பூக்கிற காலத்திலேயே ஒருமுறை போய் இதழை எண்ணி, இலை ஓரத்தைத் தடவிப் பார்த்து வெச்சுக்கறது நல்லது. நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை மத்தியானம் மூணு மணிக்குப் போனால் எல்லாம் கூம்பி நிற்குது. மறுநாள் எட்டு மணிக்குப் போய் எண்ணினேன். பன்னிரண்டு.

கொசு வருமேன்னு வீட்டில் கேட்பாங்க. எங்க அம்மாவும் கேட்டாங்க. உடனே கம்பூசியா மீனைத் தூக்கிட்டு வராதீங்க. அதுவும் வெளியூர்தான், 1928-ல் இந்தியாவுக்கு வந்தது, தொட்டியிலிருந்து தப்பினால் உள்ளூர்க் குட்டி மீன்களைத் தொந்தரவு பண்ணும். நம்ம வாய்க்காலிலேயே, மேல்மட்டத்தில் நீந்திக்கிட்டு, தலையில் வெள்ளிப் பொட்டு வெச்ச ஒரு சின்ன மீன் இருக்கு பாருங்க, அது நாலு விட்டால் கொசுப்புழு மிச்சம் இருக்காது.

விதையும் சேர்க்கலாம், ஆனா கொஞ்சம் காவல் இருக்கணும். பூ முடிந்ததும் காம்பு சுருண்டு காயைத் தண்ணிக்குள்ளே இழுத்துக்கும். காய் அடியிலேயே பழுத்து வெடிக்கும். விதைகள் வழவழன்னு ஒரு உறையோடு மேலே மிதந்து வரும். கொஞ்ச நேரத்தில் உறை கரைந்து எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துடும். அதனால் காய் பழுக்கும்போதே ஒரு மெல்லிய துணியில் கட்டி விட்டுடுங்க. யாருக்காவது விதை வேணும்னா சொல்லுங்க, கட்டி வெச்சிருக்கேன். வெளிர் நீலம், பன்னிரண்டு இதழ்.